ஒரு கடப்பாக்கல், ஒரு துளை, ஒரு வருட சூரியன்

வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு நிழல்கோல் அமைத்து, ஒரு மார்கழியில் தொடங்கி அடுத்த மார்கழி வரை உச்சிவேளைச் சூரியனைக் குறித்து வந்தேன். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளின் புத்தகத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, சம இரவு நாள், அயனம், கருநிழல், புறநிழல் என்று வரிசையாக வருகிறது. பிள்ளைகள் அதையெல்லாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அத்தனையையும் ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கலாம், அதுவும் தொலைநோக்கி இல்லாமல். எப்படிச் செய்தேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், வேறு யாராவது செய்தால் நல்லது.

முதலில் தரை. மொட்டை மாடி பார்வைக்குத்தான் சமதளம். மழைத்தண்ணீர் ஓட வாட்டம் விட்டுத்தான் தட்டோடு பதித்திருப்பார்கள். அதன் மேல் நேராக நிழலை அளந்தால் கணக்கு உதைக்கும். அதனால் நாலடிக்கு இரண்டடி கடப்பாக்கல் ஒன்று வாங்கி, நாலு மூலையிலும் செங்கல் துண்டு வைத்து ஏற்றினேன். ரசமட்டம் ஒரு சாண் நீளம்தான், நாலடிக் கல்லுக்குப் போதாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல்தான் இதற்குச் சரி. தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, நாலு மூலையிலும் மட்டம் பார்த்து, செங்கலுக்கு அடியில் ஓட்டுச்சில்லு கொடுத்துச் சரிசெய்தபின் சிமென்ட் பூசிவிட்டேன். கல்லின் நீளவாக்கை உத்தேசமாக வடக்கு தெற்காகப் போட்டால் போதும், துல்லியமான வடக்கைப் பிறகு கல்லின் மேலேயே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது கோல். ஒரு மீட்டர் கம்பியை நட்டு நிழல் நுனியைக் குறிப்பதுதான் எல்லாரும் சொல்லும் முறை. நட்டுப் பார்த்தால், நுனி எங்கே முடிகிறது என்றே தெரியாது. கருமையாகத் தொடங்கும் நிழல் போகப்போகச் சாம்பல் நிறமாகி வெளிச்சத்தோடு கரைந்துவிடும். காரணம், சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை பாகை அகலமுள்ள வட்டு. கம்பி நுனி அந்த வட்டு முழுவதையும் மறைக்கும் இடம் கருநிழல், ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் இடம் புறநிழல். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது இந்தக் கரையும் பகுதியே 9 மில்லிமீட்டர் வருகிறது, வெயில் சாய்ந்தால் இன்னும் கூடும். கிரகணப் பாடத்தில் வரும் அதே கருநிழல், அதே புறநிழல். நிலவின் நிழல் பூமியில் விழும்போதும் இதுதான் நடக்கிறது. 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி வழியாக வளையக் கிரகணம் போனபோது வேலூரில் பகுதி கிரகணமாகத்தான் தெரிந்தது. நாம் அன்றைக்கு நிலவின் புறநிழலில் நின்றிருந்தோம்.

நுனியை விட்டுவிட்டுத் துளைக்குப் போனதும் இந்தத் தொல்லை தீர்ந்தது. ஒரு சாண் சதுர அலுமினியத் தகட்டின் நடுவில் 4 மில்லிமீட்டர் துளை போட்டேன். தகட்டின் நிழலுக்கு நடுவே வெளிச்சம் வட்டமாக விழும். அது துளையின் வடிவம் இல்லை, சூரியனின் பிம்பமே அதுதான். துளை சதுரமாக இருந்தாலும் பிம்பம் வட்டமாகத்தான் விழும். பிம்பத்தின் நடுப்புள்ளியைப் பென்சிலால் குறிப்பது நிழல் நுனியைக் குறிப்பதைவிடப் பல மடங்கு எளிது. தகடு பெரிதாக இருக்கட்டும், சுற்றிலும் இருட்டு இருந்தால்தான் பிம்பம் பளிச்சென்று தெரியும். இத்தாலியின் போலோக்னா நகரத் தேவாலயத்தில் 1655-ல் வானியலாளர் காசினி அமைத்த நடுவரைக்கோடு (நண்பகல் பிம்பம் கடக்கும் வடக்கு தெற்குக் கோடு) இதே ஏற்பாடுதான், அங்கே துளை 27 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

தகட்டைப் பிடிக்க ஒரு இரும்புக் குழாயும் அதன் தலையில் பக்கவாட்டில் நீளும் ஒரு கையும் வேண்டும். வெல்டிங் பட்டறை அண்ணனிடம் படம் வரைந்து காட்டியதும், "இதுல துணி காயப்போடவா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். தகடு மட்டமாக உட்கார கை நுனியில் இரண்டு போல்ட்டுகளை அவராகவே வைத்துக் கொடுத்தார். அந்த போல்ட்டுகள் இல்லாவிட்டால் பிறகு உயரத்தைச் சரிசெய்யவே முடிந்திருக்காது. குழாயைக் கல்லுக்கு மேற்கே, பழைய பெயின்ட் டப்பாவில் கான்கிரீட் போட்டு நிறுத்தினேன். மேற்கே வைத்ததற்குக் காரணம் உண்டு. வேலூரில் உச்சிவேளை நிழல் வருடத்தில் எட்டு மாதம் வடக்கே விழும், நாலு மாதம் தெற்கே விழும். குழாய் வடக்கிலோ தெற்கிலோ நின்றால் ஏதோ ஒரு மாதத்தில் பிம்பத்தின் வழியில் குறுக்கிடும்.

இந்த அமைப்பில் குழாய் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. துளை வழியாகத் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, குண்டின் முனை கல்லைத் தொடும் இடத்தில் ஆணியால் ஒரு புள்ளி கீறினேன். எல்லா அளவும் அந்தப் புள்ளியிலிருந்துதான். இனி இதை அடிப்புள்ளி என்கிறேன். துளைக்கும் அடிப்புள்ளிக்கும் இடையே சரியாக 100 சென்டிமீட்டர் வரும்படி போல்ட்டை முடுக்கிக்கொண்டால், பிம்பம் எத்தனை சென்டிமீட்டர் தள்ளி விழுகிறதோ அதை நூறால் வகுத்தால், சூரியன் தலை உச்சியிலிருந்து சாய்ந்திருக்கும் கோணத்தின் டேன்ஜென்ட் நேராகவே வந்துவிடும், அதிலிருந்து கோணத்தைக் கால்குலேட்டரில் எடுத்துக்கொள்ளலாம். டிசம்பரில் வடக்கே முக்கால் மீட்டர் இடம் வேண்டும், ஜூனில் தெற்கே ஒரு சாண் போதும். அதற்கேற்ப அடிப்புள்ளியைக் கல்லின் தெற்கு விளிம்பிலிருந்து ஒரு அடி உள்ளே வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. எந்தக் கட்டத்திலும் சூரியனை நிமிர்ந்து பார்க்கக் கூடாது, துளை வழியாகப் பார்க்கவே கூடாது. பார்வை கல்லின் மேலேயே இருக்கட்டும். பிள்ளைகளை மாடிக்கு அழைக்கும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

வடக்கு பார்க்க திசைகாட்டி உதவாது. மாடிக்குள் ஓடும் கம்பி, தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டு எல்லாம் முள்ளை இழுக்கும். போதாததற்குக் காந்த வடக்கும் பூமி அச்சின் வடக்கும் ஒன்றில்லை. ஸ்தபதிகள் சங்கு என்னும் முளைக்குச்சியை நட்டுத் திசை பார்க்கும் பழைய வட்ட முறைதான் நல்லது. மார்கழி முதல் வாரத்தில் அடிப்புள்ளியை மையமாக வைத்து 80 சென்டிமீட்டர் ஆரத்தில் கல்லின் வடபகுதியில் ஒரு வில் வரைந்தேன். காலை 11.15-ஐ ஒட்டிப் பிம்பம் அந்த வில்லைத் தொட்டு உள்ளே வந்தது. பிற்பகல் 1.05 தாண்டியதும் மறுபக்கம் தொட்டு வெளியே போனது. அந்த இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதன் நடுப்புள்ளியிலிருந்து அடிப்புள்ளிக்கு நூல் அடித்தால் வடக்கு தெற்கு. இதுதான் நம் வீட்டு நடுவரைக்கோடு. இந்த வேலையை டிசம்பர் 21, 22-ஐ ஒட்டிச் செய்வது உத்தமம். அந்த நாட்களில் சூரியன் வடக்கு தெற்காக நகர்வது ஏறக்குறைய நின்றுவிடுகிறது, அதனால் காலைக் குறியும் மாலைக் குறியும் சமமாக அமையும்.

நகர்வு நிற்பதைக் கல்லிலேயே பார்க்கலாம். டிசம்பர் 21-க்கு முன்னும் பின்னும் மூன்று நாட்கள் நண்பகல் பிம்பம் 73.6 சென்டிமீட்டரை ஒட்டியே விழுந்தது, வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள். அதற்குப் பிறகு திரும்பத் தொடங்கியது. பொங்கலன்று பார்த்தபோது நன்றாகவே சுருங்கியிருந்தது. மகள் கேட்டாள், "உத்தராயணம் இன்னிக்குத்தானே தொடங்குதுன்னு பாட்டி சொன்னாங்க?" பாட்டி சொன்னதும் பஞ்சாங்கப்படி சரிதான். பஞ்சாங்கம் சூரியனை விண்மீன்களை வைத்துக் கணக்கிடுகிறது, கல் வெறும் நிழலை வைத்துக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாக மெல்லத் திசை மாறுவதால் இரண்டு கணக்கும் சிறுகச் சிறுக விலகிப் போகின்றன. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் நிழல் திரும்பும் நாளும் தை பிறக்கும் நாளும் ஒன்றாக இருந்தன. இப்போது மூன்று வாரத்துக்கும் மேல் இடைவெளி. என் மாமியாருக்கு இதைக் கல்லில் காட்டி விளக்கினேன். மறுநாள் நண்பகலில் எனக்கு முன்னே மாடிக்கு வந்து நின்றது அவர்தான்.

நண்பகல் எப்போது வருகிறது என்பதில்தான் எனக்கு இந்த வேலையின் ருசி முழுவதும் இருக்கிறது. பிம்பம் நடுவரைக்கோட்டைக் கடக்கும் கணம்தான் நண்பகல். ஒரு மீட்டர் உயரத்துக்கு அது நிமிடத்துக்கு நாலரை மில்லிமீட்டர் ஓடுகிறது. குனிந்து பார்த்தால் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். நகர்வது பூமி என்று நினைத்துக்கொண்டு பாருங்கள், உடம்பு சிலிர்க்கும். இவ்வளவு வேகம் இருப்பதால் கடக்கும் நேரத்தைக் கால் நிமிடத் துல்லியத்தில் சொல்லிவிடலாம்.

அந்த நேரம் 12 மணியாக இருப்பதே அபூர்வம். நம் கடிகாரம் காட்டுவது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். வேலூர் இருப்பது 79.13 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. ஆக நமக்கு நண்பகல் சராசரியாக 12 மணி 13½ நிமிடத்துக்கு வர வேண்டும். பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குள்ளேயே அரக்கோணத்தில் உச்சியைக் கடக்கும் சூரியன் திருப்பத்தூரில் உச்சியைக் கடக்க நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். ராணிப்பேட்டை நம்மைவிட முக்கால் நிமிடம் முந்தி. ஒரே மாவட்டம், ஒரே கடிகாரம், ஆனால் ஊருக்கு ஒரு நண்பகல்.

அந்த 12.13½-ம் சராசரிதான். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் பிம்பம் கோட்டைக் கடந்தது 12.27-ஐத் தாண்டி. நவம்பர் முதல் வாரத்தில் கடக்க வேண்டிய நேரம் 11.57. அரை மணி நேர வித்தியாசம்! இதற்கு இரண்டு காரணங்கள். பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டம். ஜனவரி முதல் வாரத்தில், சூரிய அண்மை நிலையில், தூரம் 14.7 கோடி கிலோமீட்டர், அப்போது வேகம் அதிகம். ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடி, அப்போது வேகம் குறைவு. அடுத்தது, பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் சூரியனின் பாதை வானத்தில் சாய்வாகப் போகிறது. அதன் கிழக்கு நோக்கிய பங்கு மாதத்துக்கு மாதம் மாறுகிறது. இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் இந்த முந்தலும் பிந்தலும்தான் நேரச் சமன்பாடு.

இதைக் கல்லில் பதிக்க வாரம் ஒருமுறை, கைபேசியில் நொடி பார்த்து, மிகச்சரியாக 12 மணி 13 நிமிடம் 30 நொடிக்குப் பிம்பத்தின் நடுவில் எனாமல் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்தேன். பிப்ரவரிப் பொட்டுகள் கோட்டுக்கு மேற்கே 6.7 சென்டிமீட்டர் வரை விலகின. சித்திரை முதல் நாளை ஒட்டி வைத்த பொட்டு கோட்டின் மேலேயே விழுந்தது. மே மாதத்தில் கிழக்கே ஒன்றரை சென்டிமீட்டர், ஜூலை கடைசியில் மீண்டும் மேற்கே. ஆகஸ்ட் முடிவதற்குள் பொட்டுகள் பழைய பாதையைக் குறுக்காக வெட்டியபோது கல்லில் 8 என்ற எண் உருவாகத் தொடங்கியது. வடக்குப் பக்கம் பெரிய சுழி, தெற்குப் பக்கம் சின்னச் சுழி. இந்த எட்டைப் படத்தில் பல முறை பார்த்திருக்கிறேன். என் வீட்டுக் கல்லில், என் கை வைத்த பொட்டுகளால் அது எழுவதைப் பார்ப்பது வேறு.

மார்ச் 20, சம இரவு நாள். அன்று சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே. நண்பகல் பிம்பம் எத்தனை பாகை சாய்ந்து விழுகிறதோ அதுவே நம் அட்சரேகை. எனக்குக் கிடைத்தது 23.0 சென்டிமீட்டர், அதாவது 12.95 பாகை. வரைபடம் சொல்வது 12.92. கடப்பாக்கல்லுக்கு இது போதும்.

நாக்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகனையும் அன்று இதில் சேர்த்துக்கொண்டேன். நாக்பூரைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அது வேலூருக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கிறது. அதன் தீர்க்கரேகை 79.09. இரண்டு ஊருக்கும் நண்பகல் ஒரே நேரம், அன்றைக்கு 12.21. அவன் குடியிருப்பு மாடியில் ஸ்டூல் மேல் ஸ்டூல் அடுக்கி, ஓட்டை போட்ட அட்டையை ஒரு மீட்டர் உயரத்தில் நிறுத்தி, தூக்குக்குண்டுக்குப் பதில் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். போனில், "மாமா, 38.5 வருது, சரியா?" என்றான். 38.5 என்றால் 21.06 பாகை. இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 8.1 பாகை. வரைபடத்தில் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 910 கிலோமீட்டர். 8.1 பாகைக்கு 910 என்றால் 360 பாகைக்கு சுமார் 40,400. துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு 40,008 கிலோமீட்டர். ஒரு சாவிக்கொத்தும் கடப்பாக்கல்லும் சேர்ந்து பூமியை நூற்றுக்கு ஒரு பங்கு பிசகில் அளந்துவிட்டன. கிமு மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தின் அலெக்சாண்டிரியாவையும் சையீனையும் வைத்துச் செய்த கணக்கு இதுவேதான். அவருடைய இரண்டு ஊர்களும் நேர் வடக்கு தெற்காக இல்லை, மூன்று பாகை விலகியிருந்தன. அந்த வகையில் வேலூரும் நாக்பூரும் இன்னும் நல்ல ஜோடி.

சம இரவு நாளை ஒட்டிப் பிம்பம் நாளுக்கு 7 மில்லிமீட்டர் தெற்கே தாவுகிறது. டிசம்பரில் அசையாமல் நின்றது இதுதானா என்று இருக்கும். அப்படியே வந்து, ஏப்ரல் 24, 25-ஐ ஒட்டி அடிப்புள்ளியிலேயே விழுந்தது. நிழலில்லா நாள். அன்று 12.11-க்குச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே. தெருப் பிள்ளைகள் பாட்டில், டம்ளர், கிரிக்கெட் ஸ்டம்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தார்கள். ஒன்றுக்கும் நிழல் இல்லை. துளைக்கும் கல்லுக்கும் தூரம் சரியாக ஒரு மீட்டராக இருக்கும் கணமும் அதுதான் என்பதால் பிம்பத்தின் அகலத்தை அளந்தோம். 13 மில்லிமீட்டர். துளையின் 4-ஐக் கழித்தால் 9. ஒரு மீட்டருக்கு 9 மில்லிமீட்டர் என்றால், 15 கோடி கிலோமீட்டருக்கு 13.5 லட்சம் கிலோமீட்டர். சூரியனின் விட்டம் 13.9 லட்சம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பெருக்கலை இரண்டு முறை போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் நம்பினான்.

அதன் பிறகு பிம்பம் தெற்கே போய்விடுகிறது. கத்திரி வெயில் காலம் முழுவதும் உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. வீட்டின் வடக்குச் சுவரில் வெயில் அடிக்கும் காலம் இது. ஜூன் 21-ல் 18.6 சென்டிமீட்டர் தெற்கே. அங்கிருந்து திரும்பி, ஆகஸ்ட் 17, 18-ல் மறுபடி அடிப்புள்ளி. இரண்டாம் நிழலில்லா நாளுக்கு மேகம் வந்து மறைத்தது, மறுநாள் பிடித்தேன்.

நிலவுக்குத் துளை பயன்படாது, வெளிச்சம் போதாது. ஆனால் பௌர்ணமி நள்ளிரவில் தகட்டின் நிழலே கல்லில் தெளிவாக விழும். பௌர்ணமி நிலா சூரியனுக்கு எதிரே இருப்பதால் கணக்கு தலைகீழாகிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது திருவாதிரைப் பௌர்ணமி நிலா தலை உச்சியை ஒட்டி வருகிறது, ஜூன் பௌர்ணமி தெற்கே தாழ்ந்து போகிறது. நிலவின் பாதை சூரியன் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருப்பதால் நிழல் விழும் இடம் வருடத்துக்கு வருடம் மாறும். இதற்குத் தனியாக ஒரு கல் வேண்டும்.

நிழலை அளப்பது ஏதோ பழங்காலத்து வேலை என்று யாராவது சொன்னால் நான் ஜவ்வாது மலையைக் காட்டுவேன். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அங்குள்ள காவலூர் ஆய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அந்த விண்மீனின் ஒளி மங்குவதைப் பதிவு செய்தது. கோள் மறைப்பதற்கு முன்னும் பின்னும் விண்மீன் ஒளி விட்டுவிட்டு மங்கியதிலிருந்துதான் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. வளையத்தின் நிழல் பூமி மேல் ஓடியதைத்தான் அளந்திருக்கிறார்கள். இன்று வானியலாளர் வைணு பாப்பு பெயரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருப்பதும் அதே வளாகத்தில்தான்.

இனி என் கல்லின் நிலவரம். ஐப்பசி கார்த்திகை மழையில் பல வாரங்கள் வெயிலே இல்லை. எட்டின் பெரிய சுழி கிழக்கே மிக அகலமாக, 7.8 சென்டிமீட்டர் வரை போக வேண்டிய இடத்தில் பொட்டுகள் விட்டுப்போயிருக்கின்றன. கணக்கு போட்டு அந்த இடத்தை நிரப்பலாம், ஆனால் நிரப்பவில்லை. அடுத்த வருடம் அக்டோபர் கடைசியிலிருந்து தினமும் 12.13-க்கு மாடியில் இருப்பேன், மேகம் அரை நிமிடம் விலகினால் போதும். எனாமல் வெயிலில் உரிகிறது, அதனால் ஏற்கெனவே இருக்கும் பொட்டுகளை உளியால் கொத்திவிடக் கல் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் உங்கள் ஊரில் வைப்பதானால், 82.5-லிருந்து உங்கள் தீர்க்கரேகையைக் கழித்து நாலால் பெருக்குங்கள், பொட்டு வைக்கும் நிமிடம் கிடைத்துவிடும். ஆரணிக்கு அது சுமார் 12.13, திருவண்ணாமலைக்கு 12.13¾.